லண்டன் போங்க... ஆனா லோன் போட்டுப் போகாதீங்க!



ஆஃபீஸ்ல ஒருத்தர் டவர் பிரிட்ஜ் முன்னாடி நின்னு போட்டோ போட்டா போதும். அடுத்த வாரமே நம்ம போன்ல "இப்போ பயணம், அப்புறம் பணம்"னு விளம்பரம் வர ஆரம்பிச்சிடும். இன்னொரு பக்கம், "டிராவல் எல்லாம் வேஸ்ட், அந்தக் காசை எஸ்.ஐ.பி-ல போடு"ன்னு அட்வைஸ்.

எனக்கு இரண்டு பேச்சுலயும் உடன்பாடு இல்லை. லண்டன் மாதிரி ஓர் ஊரை இருபதுகளில் பார்ப்பது நல்ல செலவு. ஆனால் அது செலவுதான், முதலீடு இல்லை. அதைக் கடன் வாங்கிச் செய்யக் கூடாது, அவ்வளவுதான்.

கடன் கணக்கு

3 லட்சம் ரூபாய் பர்சனல் லோன், 16% வட்டி, 24 மாசம்னு வெச்சுக்குவோம். இ.எம்.ஐ. சுமார் 14,700 ரூபாய். வட்டி மட்டுமே 52,500-க்கு மேல். ஒரு பவுண்டு 115 ரூபாய்னு கணக்குப் போட்டா, அது 450 பவுண்டு!

அதே 14,700-ஐ மாசாமாசம் ஆர்.டி-ல போட்டா, 20 மாசத்துல வட்டியோட 3 லட்சம் தாண்டிடும். போட்டோவுக்கு லைக் நின்னு போனதுக்கு அப்புறமும் இ.எம்.ஐ. ஓடும். நடுவுல வேலை போனாலோ, வீட்டுல மருத்துவச் செலவு வந்தாலோ, அது நிக்காது.

விசா ஆஃபீசருக்கும் சேமிப்புதான் பிடிக்கும்

ஆறு மாத விசிட்டர் விசா கட்டணம் 2025 ஏப்ரலில் 115 பவுண்டிலிருந்து 127 பவுண்டாக உயர்ந்தது. விசா மறுக்கப்பட்டால் இந்தப் பணம் திரும்பி வராது. கணக்கில் திடீரென்று விழுந்த, விளக்கம் இல்லாத பெரிய தொகை மறுப்புக்கு வழக்கமான காரணங்களில் ஒன்று. மாசாமாசம் சீராகச் சேர்ந்த பணம்தான் உங்களுக்குச் சாட்சி. விசா கையில் வரும் வரை, ரீஃபண்ட் இல்லாத டிக்கெட்டோ ரூமோ போடாதீங்க.

இன்னொண்ணு: ஷெங்கன் விசா பிரிட்டனுக்குச் செல்லாது. "பாரிஸ் போறோம், அப்படியே லண்டனும் பாத்துடலாம்"னா இரண்டு விசா, இரண்டு செலவு.

ஊருக்குள்ள செலவு நம்ம கையில

விமானம், விசா, ரூம் மூணும்தான் பட்ஜெட்டைத் தின்னும். ஊருக்குள்ள போயிட்டா நிலைமை வேற.

பிரிட்டிஷ் மியூசியம், நேஷனல் கேலரி, டேட் மாடர்ன், சயின்ஸ் மியூசியம்... எல்லாத்துக்கும் பொது நுழைவு இலவசம். பிரிட்டிஷ் மியூசியத்துல நம்ம ஆந்திராவின் அமராவதி ஸ்தூபச் சிற்பங்களே இருக்கு. டவர் ஆஃப் லண்டன் டிக்கெட்டோ 30 பவுண்டுக்கு மேல்.

பஸ் கட்டணம் 2025-ல் 1.75 பவுண்டு. முதல் பஸ்ல கார்டைத் தட்டின ஒரு மணி நேரத்துக்குள்ள எத்தனை பஸ் மாறினாலும் அதே காசுதான். ஒரே கார்டையே தட்டினா, தினசரி உச்சவரம்புக்கு மேல் பிடிக்க மாட்டாங்க. பஸ்ல ரொக்கம் வாங்கறதில்லை. ஹீத்ரோவிலிருந்து எக்ஸ்பிரஸ் ரயில் சுமார் 25 பவுண்டு. பிக்காடில்லி லைன் மெட்ரோ சுமார் 6 பவுண்டு.

பேக்கேஜ் காட்டாத லண்டன்

2021 கணக்கெடுப்பின்படி லண்டனில் 10 பேரில் 4 பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். உண்மையில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

பிரிக் லேன் தெருவுல ஒரு மசூதி இருக்கு. 1743-ல் பிரான்ஸிலிருந்து தப்பி வந்த புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்கள் கட்டிய தேவாலயம் அது. பிறகு யூதர்களின் ஜெபக்கூடம் ஆச்சு. 1976-லிருந்து வங்கதேச மக்களின் மசூதி. கட்டடம் ஒண்ணுதான், பிழைக்க வந்தவங்கதான் மாறிக்கிட்டே இருந்தாங்க. பிரிக்ஸ்டன் சந்தையில் கரீபியன் சாப்பாடு, ஈஸ்ட் ஹாமில் தோசை, பக்கத்திலேயே முருகன் கோயில். இதையெல்லாம் பஸ் காசுல பார்க்கலாம்.

நாலு நாடு, எட்டு நாள் பேக்கேஜ்ல இதுக்கு நேரம் கிடையாது. பஸ் ஜன்னல் வழியா பிக் பென் காட்டிட்டு அடுத்த ஊர் கூட்டிட்டுப் போயிடுவாங்க. என் கருத்து: நாலு தலைநகரத்தை ஓடி ஓடிப் பார்க்கிறதைவிட, ஒரே தலைநகரத்துல ஒரு வாரம் நடக்கிறது லாபம்.

கிளம்பும் முன் மூணு விஷயம்

1. சாதாரண கிரெடிட் கார்டுல வெளிநாட்டுச் செலவுக்கு 3.5% வரை மார்க்-அப், அதுக்கு மேல ஜி.எஸ்.டி. மார்க்-அப் இல்லாத கார்டு அல்லது ஃபாரெக்ஸ் கார்டு எடுத்துக்குங்க.

2. கடையில "ரூபாய்ல பே பண்றீங்களா?"ன்னு மெஷின் கேட்டா, பவுண்டையே அழுத்துங்க. ரூபாய் ரேட்டுல அவங்க கமிஷன் ஒளிஞ்சிருக்கும்.

3. டூர் பேக்கேஜ்ல பிடிக்கிற டி.சி.எஸ். போன காசு இல்லை. ரிட்டர்ன் ஃபைல் பண்ணும்போது எடுக்கலாம். ஆஃபீஸ்ல அதுக்கான படிவம் கொடுத்தா, சம்பளத்துல பிடிக்கிற டி.டி.எஸ்-லயே கழிச்சுக்கலாம்.

எமர்ஜென்சி ஃபண்டுல கை வைக்காமல், எஸ்.ஐ.பி-யை நிறுத்தாமல், தனியா ஒரு ஆர்.டி. போடுங்க. அதுக்கு "லண்டன்"னு பேர் வைங்க. 20 மாசம் தள்ளிப் போனால் லண்டன் எங்கேயும் ஓடிடாது.

உங்க லிஸ்ட்ல எந்த ஊர் இருக்கு? கமெண்ட்ல சொல்லுங்க, வீடியோல கணக்குப் போட்டுப் பார்ப்போம்.