துண்டுக்குள்ளே மூன்று விரல்

மாட்டுச் சந்தையில் பேரம் நடப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? வாங்குகிறவரும் விற்கிறவரும் வாயே திறக்க மாட்டார்கள். கைகளின் மேல் ஒரு துண்டு. உள்ளே விரலைப் பிடித்து அழுத்துவார்கள். ஒருவர் முகத்தைச் சுளிப்பார், மற்றவர் தலையை ஆட்டுவார், மாடு கைமாறிவிடும். எந்த விரலுக்கு என்ன அர்த்தம் என்று அந்த இரண்டு பேருக்கும் தெரிந்திருக்க வேண்டும், பக்கத்தில் நிற்கிறவனுக்குத் தெரியக் கூடாது. அவ்வளவுதான் சூட்சுமம்.

லேப்டாப்பில் கீபோர்டுக்குக் கீழே வழவழவென்று ஒரு பட்டை இருக்கிறதே, டச்பேட், அதிலும் இதே வியாபாரம்தான். உள்ளே குறுக்கும் நெடுக்குமாகக் கண்ணுக்குத் தெரியாத மின்வலை. விரல் பட்ட இடத்தில் மின்தேக்கம் கொஞ்சம் மாறும். எத்தனை விரல், எந்தப் பக்கம் நகர்கிறது என்று அதை வைத்தே கணக்குப் போட்டுவிடும். நகத்தால் சுரண்டினால் கண்டுகொள்ளாது.

பல விரல் சைகைக்குப் பின்னால் ஒரு கைவலிக் கதை உண்டு. அமெரிக்காவில் டெலவேர் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த வெய்ன் வெஸ்டர்மனுக்கு டைப் அடித்து அடித்துக் கையில் தீராத வலி. அழுத்தாமல், தொட்டாலே வேலை நடக்க வேண்டும் என்று இறங்கினார். பேராசிரியர் ஜான் எலியாஸோடு சேர்ந்து 1998-ல் ஃபிங்கர்வொர்க்ஸ் என்ற கம்பெனி ஆரம்பித்தார். 2005-ல் ஆப்பிள் அதை வாங்கிப் போட்டுக்கொண்டது. இரண்டு வருஷத்தில் ஐபோன் வந்தது. மீதியை உங்கள் கட்டைவிரலைக் கேளுங்கள், சொல்லும்.

நம் எதிர் ஃப்ளாட்டில் ஒரு ரிடையர்டு ஹெட்மாஸ்டர். அவருக்கும் வலது கட்டைவிரல் மூட்டில் வலி. விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. அவருடைய பழைய லேப்டாப் விண்டோஸ் 11-க்கு லாயக்கில்லை. "நல்லா ஓடற வண்டியை எதுக்குய்யா காயலான் கடையில போடணும்?" என்று பேரனை விட்டு லினக்ஸ் மின்ட் போட வைத்துக்கொண்டார். எல்லாம் சுகம். ஒன்றுதான் குறை. பேப்பர் படிக்கும்போது முந்தின பக்கத்துக்குப் போக, மூலையில் இருக்கும் குட்டி அம்புக்குறியைத் தேடிப் பிடித்து அழுத்த வேண்டும். நாளைக்கு நூறு தடவை. ஒவ்வொரு தடவையும் "அம்மா!"

இங்கேதான் லினக்ஸின் குணம் தெரியும். லிப்இன்புட் என்று ஒரு நிரலகம் விரல் அசைவைப் பார்த்து, "மூன்று விரல், வலப்பக்கம்" என்று சொல்லும். அதோடு சரி. அதற்கு என்ன அர்த்தம் என்று சொல்லவே சொல்லாது. தபால்காரர் மாதிரி. கவரைக் கொடுப்பார், பிரித்துப் படிக்க மாட்டார். அர்த்தம் சொல்வது டெஸ்க்டாப்பின் பொறுப்பு அல்லது உங்கள் பொறுப்பு.

மின்ட்டின் சின்னமன் டெஸ்க்டாப்பில் 2023-ல் இருந்து இதற்கென்றே தனி ஜன்னல் இருக்கிறது. சிஸ்டம் செட்டிங்ஸில் 'ஜெஸ்சர்ஸ்'. திறந்து சுவிட்சைப் போட்டால் எந்தச் சைகைக்கு எந்த வேலை என்று பட்டியல் வரும். மூன்று விரலை வலப்பக்கம் தள்ளினால் ஒரு கட்டளையை ஓட்டு என்று தேர்ந்தெடுத்து, 'எக்ஸ்டூடூல் கீ ஆல்ட்+லெஃப்ட்' என்று (ஆங்கிலத்தில்தான்) அடித்தாயிற்று. எக்ஸ்டூடூல் என்பது நமக்குப் பதிலாகச் சாவியைத் தட்டும் குட்டி வேலைக்காரன், அவனைத் தனியாக இன்ஸ்டால் செய்துகொள்ள வேண்டும். இப்போது சார் மூன்று விரலால் ஒரு தடவு தடவுகிறார், முந்தின பக்கம் வருகிறது. அம்புக்குறியைத் தேடுவதும் இல்லை, அழுத்துவதும் இல்லை.

நீங்களும் செய்து பார்க்கலாம். மூன்று விஷயம் மட்டும் ஞாபகம் இருக்கட்டும்.

ஒன்று: முதலில் உங்கள் டச்பேடுக்கு எத்தனை விரல் வரை எண்ணத் தெரியும் என்று பாருங்கள். சில பழைய பேடுகள் இரண்டுக்கு மேல் எண்ணாது. டெர்மினலில் 'சூடோ லிப்இன்புட் டீபக்-ஈவன்ட்ஸ்' என்று போட்டு விரலை நகர்த்தினால், அது பார்ப்பதை வரிவரியாகச் சொல்லிவிடும். இரண்டு விரலைத் தள்ளினால் பொதுவாக ஸ்க்ரோல்தான், தள்ளும் சைகைக் கணக்கு மூன்றிலிருந்து.

இரண்டு: ஆசை வேண்டாம். பதினெட்டுச் சைகை வைத்தால் பரதநாட்டியம் ஆகிவிடும். மூன்று, நாலு போதும். விண்டோவை மூடுகிற வேலையைத் தவறுதலாக நடக்கக் கூடிய சைகைக்குக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

மூன்றாவதுதான் முக்கியம். லிப்இன்புட்-ஜெஸ்சர்ஸ், ஃப்யூசுமா என்று வேறு சில இலவச நிரல்கள் இருக்கின்றன. நல்ல நிரல்கள்தான். ஆனால் வேலையை ஆரம்பிக்கும் முன், "உங்களை 'இன்புட்' என்ற குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று கேட்கும். ஒரே ஒரு வரிக் கட்டளை. யோசிக்காமல் போட்டுவிடுவோம். அந்தக் குழுவுக்கு டச்பேட் மட்டுமல்ல, கீபோர்டும் திறந்த வீடு. அப்புறம் உங்கள் பெயரில் ஓடுகிற எந்த நிரலும், இணையத்தில் வழியில் பொறுக்கியது உட்பட, நீங்கள் தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் படிக்க முடியும். பேங்க் பாஸ்வேர்டும் அதில் சேர்த்தி. துண்டை நாமே தூக்கிக் காட்டுகிற கதை.

மின்ட் இந்த வேலைக்கு டச்எக் என்ற நிரலை வைத்துக்கொள்கிறது. அது சந்தைத் தரகர் மாதிரி. சிஸ்டத்தின் அதிகாரத்தோடு பின்னால் தனியாக உட்கார்ந்து விரல்களைப் பார்த்துக்கொள்ளும். வெளியே சொல்வது "மூன்று விரல், வலது" என்பதை மட்டும். நாம் எந்தக் குழுவிலும் சேர வேண்டாம்.

நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் சார் ஓட்டுவது எக்ஸ்11 என்ற பழைய ஏற்பாடு. அதில் ஒரு நிரல் வாங்கும் எழுத்தை இன்னொரு நிரல் எப்படியும் எட்டிப் பார்க்கலாம். அந்த ஜன்னலை அடைப்பதும் 2008-ல் தொடங்கிய வேலேண்ட் செய்யும் வேலைகளில் ஒன்று. 2025 அக்டோபரில் வந்த உபுண்டு 25.10, க்னோம் டெஸ்க்டாப்பில் எக்ஸ்11-ஐயே எடுத்துவிட்டது. வேலேண்டில் டெஸ்க்டாப்தான் தரகர். க்னோமில் மூன்று விரலை மேலே தள்ளினால் திறந்திருக்கும் எல்லா விண்டோவும் தெரியும், பக்கவாட்டில் தள்ளினால் அடுத்த பணியிடம். 2021-லிருந்து இது தயாராகவே வருகிறது. அது போதுமென்றால் வெளியாளைக் கூப்பிடாதீர்கள். போதாது, கை வலிக்கிறது என்றால் கூப்பிடுங்கள், தப்பில்லை. ஆனால் எந்தக் கதவைத் திறக்கிறோம் என்று தெரிந்து திறவுங்கள், கண்ட நிரலையும் அந்த வீட்டில் சேர்க்காதீர்கள்.

போன வாரம் மாடிப்படியில் ஹெட்மாஸ்டரைப் பார்த்தேன். விரல் எப்படி சார் என்றேன்.

"வலி பாதி குறைஞ்சிருக்கு. முப்பது வருஷம் பசங்களை விரலைப் பிடிச்சு எழுத வெச்சேன். இப்பத்தான் ஒரு மாணவன் கிடைச்சிருக்கான், நான் எப்படிக் கிறுக்கினாலும் புரிஞ்சுக்கறான்."