கொங்கு வர்த்தகத்துக்கு யார் காவல்?

ஈரோட்டு ஜவுளிச் சந்தைக்கு வரும் வியாபாரி, துணியைக் கையால் தொட்டுப் பாராமல் விலை பேசுவதில்லை. மஞ்சள் மண்டியில் கிழங்கை ஒடித்துப் பாராமல் ஒருவரும் ஏலம் கேட்பதில்லை. இவ்வளவு ஜாக்கிரதையுள்ள நமது கொங்கு நாட்டு வர்த்தகர்கள், தங்கள் கணக்கும் கடிதமும் பணமும் அடங்கிக் கிடக்கும் கம்ப்யூட்டர்களுக்குக் காவல் தேடும்போது மட்டும், விற்பனைக்காரர் நீட்டும் வர்ணக் காகிதத்தை நம்பிக் கையெழுத்திட்டு விடுகிறார்கள். அல்லது காவலே வேண்டாமென்று வாளாவிருந்து விடுகிறார்கள். இவ்விரண்டும் தவறு என்பது நமது அபிப்பிராயம். காவலும் ஒரு சரக்குத்தான். அதையும் ஒடித்துப் பார்த்தே வாங்க வேண்டும்.

அபாயம் கற்பனையன்று. கும்பகோணத்தில் 1904ம் வருஷத்தில் தோன்றி வளர்ந்த சிட்டி யூனியன் பாங்கில், 2018 பிப்ரவரியில் நடந்ததைத் தமிழ் வர்த்தகர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் அவசியம். வெளிநாடுகளுக்குப் பணம் அனுப்பும் ஸ்விப்ட் ஏற்பாட்டினுள் கள்வர் புகுந்து, மூன்று பொய் உத்தரவுகளின் மூலம் ஏறக்குறைய 20 லட்சம் டாலரைத் துபாய்க்கும் துருக்கிக்கும் சீனத்துக்கும் திருப்பிவிட முயன்றனர். அவ்வுத்தரவுகளுக்கு வரும் பதில்களை அச்சிட வேண்டிய பிரிண்டரை அவர்கள் முதலிலேயே செயலறச் செய்து விட்டிருந்தனர். பிறகு கணக்கை ஒத்துப் பார்த்தபோதுதான் களவு வெளியாயிற்று. 2016 பிப்ரவரியில் வங்காள தேசத்து மத்திய பாங்கின் பணத்தில் 8 கோடியே 10 லட்சம் டாலர் பறிபோனபோதும் இதே போலப் பிரிண்டர்தான் முதலில் ஓய்ந்தது.

பிரிண்டர் ஓய்வது எந்த ஆபீஸிலும் அன்றாடச் சங்கதி. வெளிநாட்டுக்குப் பணம் செல்வதும் பாங்கில் அன்றாடச் சங்கதியே. ஒவ்வொன்றையும் தனியே பார்த்தால் சந்தேகத்துக்கு இடமில்லை. இரண்டையும் ஒருங்கே வைத்துப் பார்ப்பவருக்கே கன்னக்கோல் தெரியும். இக்காலத்துக் காவலின் சூட்சுமமெல்லாம் இதில் அடங்கியிருக்கிறது.

முன்னெல்லாம் ஆன்டிவைரஸ் என்னும் மென்பொருள் ஒன்றே காவலாயிருந்தது. அது, தெரிந்த திருடர்களின் படங்களைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கும் சேவகனைப் போன்றது. புதுத் திருடன் வந்தால் சலாமிட்டு உள்ளே விட்டுவிடும். பின்னர், ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் நடப்பதை இடைவிடாது கவனித்து எழுதிவைக்கும் ஈ.டி.ஆர். வந்தது. அதற்கும் அப்பாற்பட்டதே இப்பொழுது எல்லாரும் பேசும் எக்ஸ்.டி.ஆர். 2018ம் வருஷத்தில் பாலோ ஆல்டோ கம்பெனியைத் தோற்றுவித்தவரான நிர் ஜூக் என்பவர் இப்பெயரை வழக்கில் கொணர்ந்தார். கம்ப்யூட்டரின் செய்கை, வந்த மின்னஞ்சல், கம்பி வழியே சென்ற போக்குவரத்து, யார் எங்கிருந்து உள்நுழைந்தார் என்ற குறிப்பு, வெளியூர்க் கணினி நிலையங்களில் வைத்துள்ள தஸ்தாவேஜுகள் ஆகிய எல்லாவற்றின் சாட்சியத்தையும் ஓரிடத்தில் கூட்டி, ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்து, அபாயமெனக் கண்டால் அக்கணமே கதவடைப்பது இதன் வேலை.

ஓர் உதாரணம் கூறுவோம். பெருந்துறைப் பக்கத்து மில் ஒன்றின் கணக்குப்பிள்ளைக்கு, பஞ்சு வியாபாரியின் பில் என்ற பெயரில் மின்னஞ்சல் வருகிறது. அவர் அதைத் திறக்கிறார். டாலி கணக்கு இருக்கும் கம்ப்யூட்டரில் ஒரு சிறு கட்டளை ஓசையின்றி ஓடுகிறது. இரவு இரண்டு மணிக்கு அவர் பெயரால் அயல்நாட்டிலிருந்து ஒருவன் உள்நுழைகிறான். விடியுமுன் பல கோப்புகள் வெளியே செல்கின்றன. தனித்தனியே இந்நான்கும் அற்பம்; சேர்த்துப் பார்த்தால் முழுக் கொள்ளை. நல்ல எக்ஸ்.டி.ஆர். அக்கம்ப்யூட்டரை மற்றவற்றினின்று துண்டித்து, கணக்குப்பிள்ளையின் நுழைவுரிமையை நிறுத்தி, அதே மின்னஞ்சல் வேறு யாருக்கு வந்திருக்கிறதென்று தேடி அகற்றிவிடும். இல்லையேல் மறுநாட் காலையில் எல்லாக் கணக்கும் பூட்டப்பட்டு, மீட்புப் பணம் கேட்கும் ஓலை திரையில் நிற்கும்.

“நாங்கள் சிறியவர்கள், எங்களிடம் யார் வருவார்?” என்று சிலர் கேட்கலாம். 2013ம் வருஷத்தில் அமெரிக்காவின் டார்கெட் என்னும் பெரிய கடைக் கம்பெனியிலிருந்து 4 கோடி அட்டை எண்கள் களவு போயின. கள்வர் புகுந்த வழி, அக்கம்பெனிக்குக் குளிர்சாதன வேலை செய்துவந்த ஒரு சிறு கான்டிராக்டரின் நுழைவுச்சொல்! பெரிய மாளிகைக்குள் சிறிய வேலைக்காரனின் வாசல் வழியே திருடன் போகிறான். மேல்நாட்டுப் பெருங்கடைகளுக்குப் பனியனும் படுக்கை விரிப்பும் அனுப்பும் திருப்பூராரும் ஈரோட்டாரும் கரூராரும் இதைச் சற்று யோசித்துப் பார்ப்பாராக.

நமது தேசத்திலும் உதாரணம் இல்லாமலில்லை. 2024 ஜூலை முடிவில், சிறு பாங்குகளுக்குத் தொழில்நுட்ப வேலை செய்யும் சி-எட்ஜ் என்ற கம்பெனி மீட்புப்பணக் கொள்ளையரால் தாக்கப்பட்டது. தேசியப் பணப்பட்டுவாடா ஸ்தாபனம் அதனைத் தன்னிடமிருந்து தற்காலிகமாகத் துண்டிக்கவே, கூட்டுறவு பாங்குகளும் கிராமிய பாங்குகளுமாக ஏறக்குறைய 300 சிறு பாங்குகளின் பணப் போக்குவரத்து தடைப்பட்டது. துன்புற்றவர் சிறியவரே.

சர்க்காரும் கடமையை விதித்திருக்கிறது. செர்ட்-இன் என்னும் மத்திய ஸ்தாபனம் 2022 ஏப்ரல் 28ந் தேதி பிறப்பித்த உத்தரவின்படி, தாக்குதலை அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும். 180 நாட்களின் குறிப்பேடுகளை இந்தியாவின் அதிகார எல்லைக்குள் வைத்திருக்க வேண்டும். படிப்படியாக அமலுக்கு வரும் 2023ம் வருஷத்துச் சொந்தத் தகவல் பாதுகாப்புச் சட்டமோ, தக்க காவல் வைக்கத் தவறியவருக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடந்தருகிறது. காவலற்றிருப்பது இனி அவரவர் சொந்த விஷயமாகாது.

நிற்க. எதை வாங்குவது? மைக்ரோசாப்டின் டிபெண்டர், கிரவுட்ஸ்டிரைக்கின் பால்கன், பாலோ ஆல்டோவின் கார்டெக்ஸ், ஜப்பானியரின் டிரெண்ட் மைக்ரோ, ஆங்கிலேய நாட்டு சோபோஸ் என்று அந்நியச் சரக்குகள் பல. நமது தேசத்தில் புனா நகரத்து க்விக் ஹீல் கம்பெனியாரின் செக்ரைட் இருக்கிறது. குறிப்பேடுகளைத் திரட்டி ஆராயும் வேலைக்குச் சென்னை ஜோஹோவின் மேனேஜ்எஞ்சின் இருக்கிறது. தனிக் கம்ப்யூட்டர்களின் காவலுக்குச் சென்னையில் 1991ம் வருஷத்தில் தோன்றிய கே7 இருக்கிறது. விலையின்றி யாவரும் எடுத்தாளக்கூடிய வாசூ என்ற ஏற்பாடும் உண்டு. ஆனால் அதை நிர்வகிக்கக் கைதேர்ந்த ஆள் வேண்டும். இலவச மாட்டுக்கும் தீனி போட வேண்டுமன்றோ?

எது சிறந்தது என்று ஒரே வார்த்தையில் தீர்ப்புக் கூறுவோரை நம்பற்க. மைட்டர் என்னும் அமெரிக்க ஸ்தாபனம் 2018 முதல் இச்சரக்குகளைச் சோதித்து முடிவுகளை வெளியிட்டு வருகிறது. அது யாருக்கும் முதலிடம் இரண்டாமிடம் என்று வகுப்பதில்லை. அதே முடிவைக் காட்டி ஒவ்வொரு கம்பெனியும் தானே முதல்வனென்று பறைசாற்றுவதைக் காண நகைப்பே உண்டாகிறது. வர்த்தகர் தாமே கேட்க வேண்டிய கேள்விகளைக் கூறுகிறோம்.

முதலாவது, இது எதையெல்லாம் பார்க்கும்? தன் கம்பெனிச் சரக்கை மட்டும் பார்க்கும் காவலும் உண்டு. பிறர் சரக்கோடும் இணைந்து பார்க்கும் காவலும் உண்டு. மின்னஞ்சலும் தஸ்தாவேஜுகளும் ஏற்கெனவே மைக்ரோசாப்டில் உள்ளவருக்கு அதன் காவல் எளிதில் பொருந்தும். 300 பேர் வரையுள்ள தொழில்களுக்கென்று அது தனிப் பதிப்பே வைத்திருக்கிறது. பல கம்பெனிகளின் யந்திரங்களைக் கலந்து வைத்திருப்பவருக்கு அது போதாமற் போகலாம். இரண்டாவது, தறிக் கொட்டகையிலும் சாயப்பட்டறையிலும் இன்னும் ஓடும் பழைய விண்டோஸில் இது வேலை செய்யுமா? விண்டோஸ் 10க்கு அளித்துவந்த பொது ஆதரவே 2025 அக்டோபர் 14ந் தேதியோடு முடிந்துவிட்டது. மூன்றாவது, பொய்க்கூக்குரல் எத்தனை? நடுப்பகலில் தவறாக அபாயமென்று எண்ணி மில்லின் கணக்கையே துண்டிக்கும் காவல், திருடனிலும் பெரிய தொல்லை. நான்காவது, 180 நாட்குறிப்பை வைப்பதற்கான செலவு விலையில் அடங்குமா, தனியா? ஐந்தாவது, பிடிக்காவிட்டால் நமது குறிப்பேடுகளோடு வெளியேற வழியுண்டா? இவற்றுக்குப் பதில் எழுத்தில் வாங்கி, ஒரு மாத காலம் சொந்த ஆபீஸிலேயே சோதித்துப் பார்த்துப் பிறகு பணம் கொடுப்பதே விவேகம்.

இனி சுதேசிப் பிரச்னை. காவற்காரன் வீட்டின் எல்லா அறைச் சாவியையும் கையில் வைத்திருப்பவன். அவன் யாருடைய ஊழியன் என்று கேட்பது குறுகிய புத்தியாகாது. அமெரிக்க சர்க்காரே 2024 ஜூனில், ருஷிய கம்பெனியான காஸ்பர்ஸ்கியின் சரக்கைத் தன் நாட்டில் விற்கக் கூடாதென்று தடுத்தது. 2024 ஜூலை 19ந் தேதி, கிரவுட்ஸ்டிரைக் அனுப்பிய பிழையான ஒரு திருத்தத்தால் உலகெங்கும் ஏறக்குறைய 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் முடங்கின. நமது விமான நிலையங்களில் போர்டிங் பாஸ்களைக் கையால் எழுதினார்கள். வேலியே பயிரை மேய்ந்த கதை அது. 2025 ஜூலையில் ஐரோப்பியர் விதித்த தடையைக் காரணமாகக் கொண்டு, குஜராத்தில் எண்ணெய் சுத்திகரிக்கும் நயாரா கம்பெனிக்கு மைக்ரோசாப்ட் தன் சேவையை நிறுத்தியது. அக்கம்பெனி டில்லி ஐகோர்ட்டுக்குப் போன பின்னரே சேவை திரும்பிற்று. நமது நாட்டுச் சட்டம் எதையும் மீறாத ஒரு தொழிலின் கதவை எங்கோ இருப்பவர் அடைக்க முடியுமாயின், அதை வெறும் வியாபார விஷயமென்று ஒதுக்க முடியுமா?

ஆயினும், சுதேசி என்ற முத்திரை ஒன்றே போதுமென்று நாம் கூறவில்லை. 1906ல் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியபோது, தேசபக்தியை மட்டும் நம்பி ஓட்டைக் கப்பலில் ஜனங்களை ஏற்றவில்லை. கடலில் ஓடவல்ல கப்பல்களையே வாங்கிவந்தார். கண்டுபிடிக்கும் திறனில் ஏறக்குறைய சமமாயிருப்பின் நமது தேசத்தார் சரக்கையே வாங்க வேண்டும். குறையிருப்பின் அதை வெளிப்படையாகக் கூறித் திருத்தச் செய்ய வேண்டும். வாங்குவோரின் கண்டிப்பே சுதேசித் தொழிலுக்கு உரம்.

எல்லாவற்றிலும் முக்கியமானதொன்றை இறுதிக்கு வைத்தோம். எந்த மென்பொருளும் தானே காவலாகாது. மேலே கூறிய டார்கெட் கம்பெனியில் காவல் யந்திரம் உரிய காலத்தில் மணியடித்தது. பெங்களூரில் அமர்ந்திருந்த இந்தியக் காவலர்கள் அதைக் கண்டு தலைமை ஆபீஸுக்கு அறிவித்தார்கள். தலைமை ஆபீஸ் அசையவில்லை. மணியடித்தும் எழாத வீட்டுக்கு மணி எதற்கு? இரவு இரண்டு மணிக்கு எழுந்து பார்க்க ஆள் வேண்டும். இருபது கம்ப்யூட்டர் வைத்துள்ள ஒரு துணி வியாபாரி, மூன்று வேளைக்கும் நிபுணர்களைச் சம்பளத்துக்கு அமர்த்த முடியாதென்பதை ஒப்புக்கொள்ளுகிறோம்.

தனியே முடியாததைக் கூடிச் செய்யலாம். முற்காலத்தில் கிராமத்தில் வீட்டுக்கொரு காவற்காரன் இருந்ததில்லை. ஊருக்கொரு தலையாரி இருந்தான். அறுவடைக் களத்தில் ஊரார் அனைவரும் அவனுக்குத் தானியம் அளந்தனர். அதே முறை இன்றும் செல்லும். 2011 ஜனவரியில் சென்னை ஐகோர்ட் உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது, தனித்தனியே கழிவுநீரைச் சுத்தி செய்ய இயலாத சிறு பட்டறையினர் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களைச் செம்மை செய்து தொழிலை மீட்டனர். கழிவுநீருக்குக் கூடிய கைகள், காவலுக்குக் கூடலாகாதா? ஈரோட்டு ஜவுளி, மஞ்சள், தோல் வர்த்தகச் சங்கங்களும் கூட்டுறவு ஸ்தாபனங்களும் சேர்ந்து, சந்தா முறையில் ஒரு பொதுக் காவல் நிலையம் அமைக்க வேண்டும். ஒரே சரக்கை மொத்தமாகப் பேசி வாங்கினால் விலை குறையும். கொங்கு நாட்டு எஞ்சினீயரிங் கல்லூரிகளில் படித்து வேலை தேடி வெளியூர் போகும் நமது வாலிபர்களுக்குச் சொந்த ஊரில் வேலை கிடைக்கும். ஒரு மில்லில் கண்ட திருட்டு மறு நிமிஷமே மற்ற மில்களுக்குத் தெரியும்.

போட்டியாளர்கள் ஒருவர் கணக்கை ஒருவர் பார்க்க நேருமே என்ற அச்சம் நியாயமானதே. ஆகையால் ஒவ்வொருவர் குறிப்பேடும் தனித்தனிப் பூட்டில் இருக்க வேண்டும். நிலையத்தார் வணிக ரகசியங் காக்கும் உடன்படிக்கையில் கையெழுத்திட வேண்டும். வருஷந்தோறும் அந்நியத் தணிக்கையாளர் சோதிக்க வேண்டும். சாயப்பட்டறைகள் விஷயத்தில் ஐகோர்ட் கதவை அடைத்த பிறகே விழித்தோம். இம்முறை கதவை அடைப்பவன் திருடனாயிருப்பான். அவனிடம் அப்பீல் கிடையாது. சங்கத் தலைவர்கள் அடுத்த மகாசபைக் கூட்டத்திலேயே இதை எடுத்துக்கொண்டு தீர்மானிப்பார்களாக.