கதவு திறந்தது, படிக்கட்டு எங்கே?



திருவேங்கடம் கரிசல் பூமி. மழை பெய்தால் பருத்திக்காடு. பொய்த்தால் தீப்பெட்டி ஆலை. அந்த ஆலையில் கூலி பெறும் ஒரு தாயின் மகள் என்னிடம் பயின்றாள். மருத்துவக் கல்லூரியில் இடமும் பெற்றாள். ஊரே மகிழ்ந்தது. முதலாண்டில் அவளிடமிருந்து மடல் வந்தது: "ஐயா, எலும்புகளின் பெயரைத் தமிழில் கேட்டால் தடையின்றிச் சொல்வேன். இங்கே ஆங்கிலத்தில் கேட்கிறார்கள், நா எழவில்லை. ஒதுக்கீட்டில் வந்தவள்தானே என்று சிரிக்கிறார்கள்."

சிரிப்போரைக் கேட்கிறேன்: தகுதி என்பது யாது? செல்வர் வீட்டுச் செல்வன் இலட்சங்களைக் கொட்டிப் பயிற்சிக்கூடத்தில் அமர்கிறான். ஒருமுறை தோற்றால் மறுமுறை எழுதுகிறான். நீட் நுழைந்தபின், மீண்டும் எழுதியவர்களே இடங்களில் பெரும்பங்கைப் பெற்றனர் என்று நீதியரசர் ஏ.கே. இராசன் குழு 2021-இல் எடுத்துக்காட்டியது. காசுக்கு வாங்கிய உதவிக்குப் பெயர் தகுதி! ஏழைக்கு அரசு நீட்டும் உதவிக்குப் பெயர் சலுகை! நல்ல அகராதி இது!

இந்தக் கூச்சல் புதிதன்று. 1921-இல் நீதிக்கட்சி அரசு வகுப்புரிமை ஆணை தந்தபோதும் எழுந்தது. 1951-இல் உச்சநீதிமன்றம் வகுப்புரிமை ஆணையைச் செல்லாதென்றது. அவ்வழக்கும் மருத்துவக் கல்லூரி இடம் பற்றியதே. தமிழகம் கொதித்தது, அவ்வாண்டிலேயே அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டது.

2020-இல் அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு சட்டமாயிற்று. முந்திய ஆண்டு விரல்விட்டு எண்ணத்தக்கவரே நுழைந்த இடத்தில், அவ்வாண்டு முந்நூறுக்கும் மேற்பட்டோர் நுழைந்தனர். கட்டணத்தையும் அரசே ஏற்றது. வரவேற்கிறோம்! ஆனால், கதவைத் திறந்தவர் படிக்கட்டும் கட்ட வேண்டாமா?

2019-இல் வந்த புதிய பாடத்திட்டம் ஒரு மாத அடிப்படைப் பயிற்சி வகுத்தது. பன்னிரண்டாண்டு தமிழில் கற்றவரை ஒரு திங்களில் ஆங்கிலத்துக்கு மாற்ற இயலுமா? அமெரிக்காவிலே, எளிய குடும்பத்து மாணவர்க்குக் கோடை விடுமுறையில் உணவும் உறைவிடமும் உதவித்தொகையும் தந்து, மருத்துவப் படிப்புக்கு ஆயத்தம் செய்யும் திட்டம் 1980-களின் இறுதியிலேயே தொடங்கியது. யாழ்ப்பாணத்து மானிப்பாயிலே, சாமுவேல் கிறீன் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மருத்துவ நூல்களைத் தமிழாக்கித் தமிழிலேயே மருத்துவரை உருவாக்கினார். அன்று இயன்றது இன்று இயலாதா?

நாம் கேட்பது மூன்று. வகுப்புத் தொடங்குமுன் உதவித்தொகையுடன் இருதிங்கள் மொழிப்பயிற்சி. முதலாண்டு முழுதும், மூத்த மாணவர்க்கு ஊதியம் தந்து மாலைநேரத் தமிழ் விளக்க வகுப்பு. ஒவ்வொரு மாணவர் கையிலும் தமிழ்–ஆங்கில மருத்துவச் சொற்றொகுதி. செவிலியர், மருந்தாளுநர் படிப்புகளுக்கும் இவை வேண்டும்.

2022-இல் தமிழகத்தில் திறந்த பதினொரு அரசு மருத்துவக் கல்லூரிகளில் தென்காசிக்கு ஒன்றும் இல்லை. எங்கள் பிள்ளைகள் ஊரைவிட்டே செல்ல வேண்டும். தனிமையையும் சுமக்க வேண்டும். ஆகவே, அரசு செய்யும்வரை நாம் சும்மா இருப்பதற்கில்லை. நம் படிப்பகங்கள் நாளிதழ் புரட்டுவதற்கு மட்டுமா? மாலையில் ஒரு மணிநேரம் அங்கே உயிரியலும் ஆங்கிலமும் சொல்லித்தரப் பட்டதாரித் தோழர் ஊருக்கு ஒருவர் கிடைக்க மாட்டாரா? நான் தொடங்கிவிட்டேன்; ஒன்பது பேர் வருகிறார்கள்.

நாளை கரிசல்காட்டுக் கிழவி தன் நோயைத் தமிழில்தான் சொல்லி முனகுவாள். அதைப் புரிந்துகொள்ளும் மருத்துவர், பின் வரிசையில் வாயடைத்து அமர்ந்திருக்கும் அந்தப் பெண்தான். அவளைப் பேச வைப்போம்!