இன்று என்ன நிவேதனம்?

முதுமையில் நம்மில் பலர் நாள்தோறும் சொல்லிக்கொள்ளும் சொல் ஒன்று உண்டு. "என் ஒருவனுக்காக எதற்கு?" என்பதே அது. ஒருவனுக்காகத் தாளிப்பது எதற்கு, நெய் காய்ச்சுவது எதற்கு, இரண்டு அப்பளம் பொரிப்பது எதற்கு என்று அது வளர்ந்துகொண்டே போகும். கேட்பவர்கள் அதை எளிமை என்று மெச்சுவார்கள். சொல்பவர்களோ அதைப் பற்றின்மை என்று எண்ணிக்கொள்வார்கள். அடியேனும் அவ்வாறே எண்ணியிருந்தேன். சென்ற ஐப்பசியில் என் தமக்கையின் இல்லத்திற்குச் சென்ற பிறகே அந்த எண்ணம் மாறிற்று.

அக்காள் கும்பகோணத்தில் இருக்கிறாள். அத்தான் காலமாகி ஓராண்டு நிறைந்திருந்தது. பிள்ளைகள் இருவரும் வெளியூரில். ஒரு காலத்தில் அந்த வீட்டுச் சமையலறையிலிருந்து எழும் மணத்தைக் கொண்டே அன்று என்ன கிழமை என்று சொல்லிவிடலாம். வெள்ளி என்றால் சர்க்கரைப் பொங்கல், சனி என்றால் எள்ளுச் சாதம். முன்கூட்டிச் சொல்லாமல் நான் போய் இறங்கிய நண்பகலில் அவள் தட்டில் இருந்தவை முதல்நாள் வடித்த சோறும், இரண்டு நாளாகச் சுடவைத்துச் சுண்டிப்போன குழம்பும்தான். தட்டைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தபடி உண்டுகொண்டிருந்தாள். உடம்பு பாதியாக இளைத்திருந்தது.

"என்ன அக்கா இது?" என்றேன்.

"எனக்கு ஒருத்திக்காக அடுப்பை மூட்ட வேண்டுமா, தம்பி? ஏதோ வயிற்றுக்குப் போட்டால் சரி. இந்த வயதில் நாக்குக்கு ருசி கேட்கலாமா?" என்றாள்.

அவள் கேட்ட கேள்விக்கு அன்று எனக்கு விடை தெரியவில்லை.

மறுநாள் காலை இருவரும் உப்பிலியப்பன் சந்நிதிக்குச் சென்றோம். அத்தலத்தின் வரலாறு உங்களில் பலரும் அறிந்ததே. மார்க்கண்டேய மகரிஷி துளசிச் செடியின் கீழ்க் கண்டெடுத்து வளர்த்த பூமிதேவியைப் பெருமாள் முதியவர் வடிவில் வந்து பெண் கேட்டார். "உணவில் உப்பிடக்கூட அறியாத சிறு பெண் இவள்" என்று மகரிஷி தயங்க, உப்பில்லாமல் சமைத்தாலும் ஏற்றுக்கொள்வேன் என்று பெருமாள் வாக்களித்தார். இன்றளவும் அங்கே பெருமாளுக்கு உப்பில்லாத தளிகைதான்.

தரிசனம் முடிந்து பிரசாதம் கிடைத்தது. தொன்னையில் இரண்டு கவளம் இருக்கும். அக்காள் பிராகாரத் திண்ணையில் அமர்ந்து அதைச் சிறிது சிறிதாக எடுத்து உண்டாள். ஒவ்வொரு வாய்க்கும் சற்று நேரம் எடுத்துக்கொண்டாள். பிறகு, "உப்பே இல்லை, ஆனாலும் எவ்வளவு நன்றாக இருக்கிறது, பார்த்தாயா?" என்றாள். ஓராண்டுக்குப் பின் உணவைப் பற்றி அவள் வாயிலிருந்து வந்த முதல் நல்ல சொல் அதுவாகத்தான் இருக்க வேண்டும். முதல்நாள் கேள்விக்கான விடையும் அந்தத் தொன்னையிலேயே இருந்தது.

சற்று எண்ணிப் பாருங்கள். நம் கோயில் மடைப்பள்ளிகளில் நாள்தோறும் தளிகை நடக்கிறது. நிவேதனம் ஆன பின்பும் அளவில் ஒரு பருக்கை குறைவதில்லை. "உண்ணாத பெருமாளுக்கு நெய் எதற்கு, ஏலக்காய் எதற்கு?" என்று எந்தப் பரிசாரகரும் கேட்டதில்லை. காஞ்சி வரதராஜர் கோயிலின் இட்லியையே எடுத்துக்கொள்ளுங்கள். அரிசியும் உளுந்தும் நம் வீட்டில் இருப்பவைதாம். அவற்றோடு மிளகு, சீரகம், சுக்கு, நெய். அந்த மாவை மந்தாரை இலை பரப்பிய நீண்ட மூங்கில் குடலையில் ஊற்றி, மணிக்கணக்கில் ஆவியில் வேகவைக்கிறார்கள். விலையுயர்ந்த பொருள் என்று அதில் அதிகம் ஒன்றும் இல்லை. பொறுமையும் கவனமும்தான் அதைத் தனிச்சுவை உடையதாக்குகின்றன.

பழனிப் பஞ்சாமிர்தமும் அத்தகையதே. மலை வாழைப்பழம், சர்க்கரை, பேரீச்சை, கற்கண்டு, ஏலக்காய், நெய் ஆகியவை ஒரு துளி நீரும் இன்றி ஒன்றுசேர்கின்றன. 2019ஆம் ஆண்டு அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆண்டாள் அவதரித்த ஸ்ரீவில்லிபுத்தூரின் பால்கோவாவுக்கும் அதே ஆண்டில்தான் கிடைத்தது. மறு ஆண்டில் கோவில்பட்டிக் கடலைமிட்டாய் அந்தப் பெருமையைப் பெற்றது. நாடறிந்த இச்சுவைகள் அரண்மனை விருந்துகள் அல்ல. பாலும் சர்க்கரையும், கடலையும் வெல்லமும், பழமும் தேனும் என்று ஏழை வீட்டிலும் புழங்கும் பொருள்களால் ஆனவை. ஒரு தேக்கரண்டிப் பஞ்சாமிர்தம், சுண்டுவிரல் அளவு கடலைமிட்டாய் போதும், நாவும் மனமும் நிறைய.

"ஆனாலும் நாவை அடக்கு என்றுதானே பெரியோர் சொன்னார்கள்?" என்று சிலர் கேட்கக்கூடும். உண்மையே. நாவுக்கு அடிமையாவது வேறு. நாவை அவமதிப்பது வேறு. ஸ்ரீமத் பகவத் கீதையின் பதினேழாம் அத்தியாயத்தில் கண்ணன் சாத்துவிக உணவின் இலக்கணத்தைச் சொல்லும்போது, அது சுவையுடையதாகவும், நெய்ப்பசை உள்ளதாகவும், மனத்துக்கு இனியதாகவும் இருக்கும் என்றே கூறுகிறான். சமைத்து நெடுநேரமானது, சுவை இழந்தது, பழையது ஆகியவற்றைத் தாமச உணவின் பட்டியலில் வைக்கிறான். அப்படியானால், சுண்டிப்போன குழம்பை மூன்றாம் நாளும் உண்டுவிட்டு அதைப் பற்றின்மை என்று சொல்லிக்கொள்வது பொருந்துமா? அது சோர்வு. பல நேரங்களில், வெளியே சொல்லாத துயரம்.

அளவு என்பதை மறக்கலாகாது. வள்ளுவப் பெருமான் 'மருந்து' என்னும் அதிகாரத்தில், முன்பு உண்டது செரித்ததை அறிந்து, அளவோடு உண்ண வேண்டும் என்று பலமுறை வற்புறுத்துகிறார். நம் முன்னோர் வகுத்த முறையும் அதுவே. ஏகாதசியன்று உபவாசம், துவாதசிப் பாரணையில் அகத்திக்கீரை, நெல்லிக்காய். முதல்நாள் பட்டினி கிடந்த நாவுக்கு அந்த எளிய கீரையின் இனிமை வேறெந்த நாளும் கிட்டாது. விரதமும் சுவையும் பகைகள் அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அன்று ஊர் திரும்புமுன் அக்காளிடம் ஒன்றே ஒன்றைக் கேட்டுக்கொண்டேன். "உனக்காகச் சமைக்க வேண்டாம், அக்கா. சமையலறை மாடத்தில் இருக்கும் பெருமாள் படத்துக்கு நாள்தோறும் ஏதாவது ஒன்றை, ஒரு கிண்ணம் மட்டும், புதிதாகச் செய்து காட்டு. மிச்சத்தை நீ உண்டால் போதும்."

திருக்கண்ணபுரத்து முனியோதரன் பொங்கலின் வரலாற்றையும் நினைவூட்டினேன். நடை சாத்திய பின்பு, இரவில், இருந்த இடத்திலிருந்தே மனத்தால் நிவேதித்த அன்பரின் பொங்கலைப் பெருமாள் ஏற்றுக்கொண்டார் என்பது அத்தலத்து வரலாறு. சமையலறை மாடத்துக்கு மட்டும் அவர் வரமாட்டாரா?

அக்காள் சிரித்தாள், பதில் சொல்லவில்லை.

மார்கழி வந்தது. இருபத்தேழாம் நாளான கூடாரவல்லியன்று காலையில் தொலைபேசி ஒலித்தது. "தம்பி, அக்காரவடிசில் செய்தேன். ஒரே ஒரு கிண்ணம்" என்றாள். நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் அழகருக்குச் சமர்ப்பிப்பதாக ஆண்டாள் நேர்ந்துகொண்டதும், பிற்காலத்தில் இராமாநுசர் அதை நிறைவேற்றியதும் நாம் அறிந்தவை. அவர்கள் செய்தது நூறு தடா. என் தமக்கை செய்தது ஒரு கிண்ணம். அன்பை அளக்கத் தடாவும் கிண்ணமும் கருவிகள் அல்லவே!

தனித்திருக்கும் அன்பர்கள் பலருக்கும் பயன்படும் என்பதால் அவள் சொன்ன பக்குவத்தை இங்கே தருகிறேன். பச்சரிசி இரண்டு மேசைக்கரண்டி, பாசிப்பருப்பு ஒரு தேக்கரண்டி. இரண்டையும் சில துளி நெய்யில் மணம் வரும்வரை வறுத்துக் கழுவிக்கொள்ள வேண்டும். அரைத் தம்ளர் நீரும் ஒன்றரைத் தம்ளர் பாலும் சேர்த்து, அடி கனத்த பாத்திரத்தில் சிறு தீயில் குழைய வேகவிட வேண்டும். அடிக்கடி கிளறிக்கொடுப்பது அவசியம். மூன்று மேசைக்கரண்டி வெல்லத்தூளைத் தனியே சிறிது நீரில் கரைத்து, வடிகட்டிக் காய்ச்சி ஆற வைத்துக்கொள்ளுங்கள். அடுப்பை அணைத்துச் சூடு சற்றுத் தணிந்த பின்பே இதைப் பாலில் வெந்த சோற்றோடு சேர்க்க வேண்டும். கொதிக்கும்போது சேர்த்தால் பால் திரிந்துவிடக்கூடும். கடைசியாக ஒரு தேக்கரண்டி நெய்யும், பொடித்த ஏலக்காய் ஒன்றும். கோயில் வாசலில் வாங்கும் அர்ச்சனைத் தட்டின் விலைகூட ஆகாது.

சர்க்கரை நோய் உள்ளவர்கள், உப்பைக் குறைக்குமாறு மருத்துவர் சொல்லியிருப்பவர்கள் அவர் சொல்லை மீற வேண்டாம். இனிப்பு ஆகாதென்றால் மிளகும் சீரகமும் இஞ்சியும் மணக்கும் ஒரு கைப்பிடி வெண்பொங்கல் இருக்கிறது. சித்திரையில் நுங்கு, மாசி பங்குனியில் மாவடு, மழைநாளில் சுடச்சுட ஒரு தம்ளர் மிளகு ரசம் என்று அந்தந்தப் பருவமே ஏதாவது ஒன்றைக் கொண்டுவந்து தருகிறது. உங்கள் உடம்புக்கு எது ஏற்குமோ அதைக் கேட்டறிந்து, அதில் ஒன்றை நாள்தோறும் புதிதாக, சிறிதாக, முழுக் கவனத்தோடு செய்யுங்கள். தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, அமர்ந்து, மெல்ல உண்ணுங்கள். பிரசாதத்தை எப்படி உண்போமோ அப்படி.

இப்போது அக்காளும் அடியேனும் காலையில் பேசிக்கொள்ளும்போது "சாப்பிட்டாயா?" என்று கேட்டுக்கொள்வதில்லை. அந்தக் கேள்விக்கு எதை உண்டிருந்தாலும் "ஆயிற்று" என்று சொல்லிவிடலாம். அதற்குப் பதிலாக, "இன்று என்ன நிவேதனம்?" என்று கேட்டுக்கொள்கிறோம். அதற்கு விடை சொல்ல ஏதாவது ஒன்று செய்துதான் இருக்க வேண்டும்! நேற்று அவள் சொன்ன விடை, "தேங்காய்ச் சாதம். எதிர்வீட்டுக் குழந்தைக்கும் ஒரு பிடி கொடுத்தேன்." ஒருத்திக்காக மூட்டிய அடுப்பு இப்போது இருவருக்குப் பயன்படுகிறது.

உங்கள் உறவிலோ தெருவிலோ தனித்து வாழும் முதியவர் ஒருவர் இருப்பார். நாளைக் காலை அவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். அந்த முதியவர் நீங்களே என்றால், மாடத்தில் இருக்கும் உங்கள் இஷ்ட தெய்வம் அதே கேள்வியைக் கேட்பதாக எண்ணிக்கொண்டு, ஒரு சிறு கிண்ணத்தை எடுத்து வையுங்கள்.