வலியை உணர்த்திய கை



மாமல்லபுரத்தில் சிற்பக்கூடங்கள் உள்ள சாலையில் நடந்தால் காலை முதல் மாலை வரை உளிச் சத்தம் கேட்கும். அண்மையில் அங்கே நின்றிருந்தபோது ஓர் இளைஞரின் சுத்தியல் தவறிக் கட்டைவிரலில் பட்டுவிட்டது. "அம்மா!" என்று கையை உதறினார். விரலை வாயில் வைத்துச் சற்று நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, மீண்டும் உளியை எடுத்தார். இம்முறை கவனமாகப் பிடித்தார்.

அந்த வலிதான் அவருடைய விரலைக் காப்பாற்றுகிறது. இதை உலகுக்கு எடுத்துச் சொன்ன ஒரு மருத்துவரின் வாழ்க்கை, அங்கிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள நம் செங்கல்பட்டில்தான் திசை திரும்பியது. அவர் பெயர் பால் பிராண்ட். பிற்காலத்தில் பன்னாட்டுத் தொழுநோய்ப் பணி நிறுவனமான 'லெப்ரசி மிஷன்' அமைப்பின் தலைவராக இருந்தவர்.

அவர் 1914-ஆம் ஆண்டு கொல்லிமலையில் பிறந்தார். பெற்றோர் பாப்டிஸ்ட் சபையைச் சேர்ந்த மறைப்பணியாளர்கள். தந்தை 1929-இல் காய்ச்சலால் அந்த மலையிலேயே இறந்தார். தாய் முதிர்ந்த வயதுவரை மலை மக்களுக்காகவே வாழ்ந்து 1974-இல் காலமானார். லண்டனில் மருத்துவம் பயின்ற மகன், 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்து சேர்ந்தார்.

1947-இல் டாக்டர் ராபர்ட் காக்ரேன் அவரைச் செங்கல்பட்டு திருமணியிலுள்ள தொழுநோய் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். காக்ரேன் தோல் மருத்துவர். தோலில் படர்ந்த தேமல்களைக் காட்டி விளக்கினார். பிராண்டின் கண்களோ மடங்கிப்போன கைகளையே பார்த்தன. இந்த நோயில் சதை தானாக அழுகி விரல்கள் உதிர்கின்றன என்றுதான் அன்று பலரும் எண்ணியிருந்தார்கள். பிராண்ட் ஒரு நோயாளரிடம் தம் கையை நீட்டி, இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். அவர் பிடித்த பிடியில் மருத்துவருக்கே வலித்தது. பிடித்தவருக்கோ தம் பிடியின் வலிமை தெரியவில்லை.

அந்த வலியில் பிராண்டுக்கு ஓர் உண்மை விளங்கியது. சில தசைகள் செயலிழந்தாலும் மற்றவை உயிரோடு இருக்கின்றன. நல்ல தசையின் நாணை மாற்றிப் பொருத்தினால் விரல் நிமிரும். 1948 முதல் வேலூரில் அத்தகைய அறுவை சிகிச்சைகளைச் செய்தார். விரல்கள் ஏன் குறைகின்றன என்பதையும் தேடினார். நரம்பு மரத்துப்போனதால் சுடுவதும் குத்துவதும் தெரிவதில்லை. இரவில் எலி கடித்தாலும் உறக்கம் கலைவதில்லை. காயத்தின்மேல் காயம் பட்டு விரல் கரைகிறது. வலி கடவுளின் கொடை என்று அவர் வாழ்நாளெல்லாம் சொன்னது இதனால்தான்.

அவருடைய பணியில் என்னை மிகவும் சிந்திக்க வைப்பது அதற்கடுத்து நடந்தது. குணம் பெற்றுப் போன சிலர் திரும்பி வந்து முறையிட்டார்கள். கை நன்றாகிவிட்டதால் பிச்சை கிடைக்கவில்லை; பழைய நோயாளர் என்பதால் வேலையும் கிடைக்கவில்லை! மருத்துவர் கையை நேராக்கினார். ஊரோ தன் மனத்தை நேராக்கவில்லை. எனவே வேலூரில் அவர்கள் தங்கித் தொழில் கற்பதற்கு ஓர் இல்லத்தைத் தொடங்கினார். 1966-இல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குச் சென்றார். 2003-இல் இறைவனடி சேர்ந்தார்.

இன்று நிலைமை என்ன? 2005-இல், பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற கணக்கின்படி, தொழுநோய் ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து ஒழிக்கப்பட்டதாக நம் நாடு அறிவித்தது. நாமும் மறந்துவிட்டோம். ஆனால் 2016-இல் வீடு வீடாகத் தேடியபோது, மறைந்திருந்த நோயாளர்கள் ஆயிரக்கணக்கில் கண்டறியப்பட்டனர். 2023-இல் மட்டும் இந்தியாவில் புதிதாகக் கண்டறியப்பட்டோர் 1 லட்சத்துக்கும் அதிகம். உலக எண்ணிக்கையில் இது பாதிக்கு மேல்.

இத்தனைக்கும் மருந்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசம். ஆறு மாதமோ ஓராண்டோ உட்கொண்டால் நோய் குணமாகும். அப்படியிருந்தும் உணர்ச்சியற்ற தேமலைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு வாழ்கிறவர்கள் ஏன் இருக்கிறார்கள்? வெட்கம்தான் காரணம். அந்த வெட்கத்தை அவர்கள்மேல் சுமத்தியவர்கள் நாம். தொழுநோயைக் காரணம் காட்டி மணமுறிவு கேட்கலாம் என்ற பிரிவு 2019 வரை நம் நாட்டுச் சட்டங்களில் இருந்தது; கிறிஸ்தவர்களுக்கான மணமுறிவுச் சட்டத்திலும் இருந்தது.

குருக்களாகிய எங்களுக்கும் இதில் பங்குண்டு. பாவத்தைத் தொழுநோய்க்கு ஒப்பிட்டு நானே எத்தனையோ முறை மறையுரை ஆற்றியிருக்கிறேன். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவருக்கு அந்நோய் இருந்திருந்தால் அவர் என்ன நினைத்திருப்பார்? மருத்துவரிடம் போயிருப்பாரா, தேமலை இன்னும் ஆழமாக மறைத்திருப்பாரா? இப்போது அந்த உவமையை விட்டுவிட்டேன். மாற்கு நற்செய்தியில் ஆண்டவர் அந்த மனிதரைப் பார்த்துப் பரிவுகொண்டார். முதலில் கையை நீட்டித் தொட்டார். பிறகே நோய் நீங்கியது. நாம் பல நேரம் நோய் நீங்கிய பின்னும் தொடுவதில்லை.

அன்பார்ந்தவர்களே, ஓர் உறுப்பு துன்புற்றால் எல்லா உறுப்புகளும் துன்புறும் என்பது பவுலடியார் நமக்குக் கற்பிப்பது. வலி தெரியாத உடல் தன்னையே இழக்கும் என்பதைத் தொழுநோயாளர்களிடமிருந்து பிராண்ட் கற்றுக்கொண்டார். அடுத்தவர் வலி தெரியாத சமூகமும் அப்படியே.

ஜனவரி 30-ஆம் நாள் நாடெங்கும் தொழுநோய் ஒழிப்பு உறுதிமொழி எடுக்கப்படுகிறது. அந்த வாரம் நம் அன்பியக் கூட்டங்களில் இதைப் பற்றிப் பேசுவோம். தேமல் உள்ளவரைச் சுகாதார நிலையத்துக்கு நாமே அழைத்துச் செல்வோம். குணமடைந்தவருக்கு ஒரு வேலை கொடுப்போம். அவரோடு அமர்ந்து உண்போம். அவருடைய கையைப் பிடிக்க என் கை தயங்குகிறதா? ஒவ்வொருவரும் நம்மையே கேட்டுப் பார்ப்போம்.

இறையாசீர் என்றும் உங்களோடு!