ஃபைன் கட்டினால் போதுமா? லைசென்ஸில் ஏறும் ‘பெனால்டி பாயின்ட்’ எப்படி வேலை செய்கிறது?

இ-சலான் வந்ததும் திட்டிக்கொண்டே ஜிபேயில் பணத்தைக் கட்டுவோம். மறுநாள் அதே ரோடு, அதே வேகம். ‘அதான் ஃபைன் கட்டியாச்சே, அப்புறம் என்ன?’ என்ற மனநிலைதான் பலருக்கு. இதை மாற்றத்தான் பல நாடுகள் அபராதத்தோடு லைசென்ஸில் பாயின்ட்டும் போடுகின்றன.

அது என்ன பாயின்ட்?

பிரிட்டனையே எடுத்துக்கொள்வோம். அங்கே ஓவர் ஸ்பீடுக்குக் குறைந்தது 100 பவுண்ட் அபராதம், 3 பாயின்ட். போனைக் கையில் வைத்துக்கொண்டு ஓட்டினால் 200 பவுண்ட், 6 பாயின்ட். மூன்று வருடத்துக்குள் 12 பாயின்ட் சேர்ந்தால், குறைந்தது 6 மாதம் வண்டி ஓட்டத் தடை வரலாம். புதிதாக லைசென்ஸ் வாங்கியவர்கள் முதல் இரண்டு வருடத்தில் 6 பாயின்ட் வாங்கினாலே லைசென்ஸ் ரத்து. டெஸ்ட்டை மறுபடியும் முதலிலிருந்து எழுத வேண்டும். அதாவது, ஒரே ஒரு போன் கால் போதும்!

சிங்கப்பூரிலும் இப்படி ஒரு முறை உண்டு. அங்கே 24 மாதத்தில் 24 பாயின்ட் சேர்ந்தால் லைசென்ஸ் சஸ்பெண்ட்.

ஃபைனிலிருந்து இது எப்படி வேறுபடுகிறது?

ஆயிரம் ரூபாய் என்பது டெலிவரி வேலை பார்ப்பவருக்கு ஒரு நாள் சம்பாத்தியத்துக்கும் மேலே இருக்கலாம். சொகுசு கார் வைத்திருப்பவருக்கு அது ஒரு டின்னர் பில். ஆனால் பாயின்ட் இருவருக்கும் ஒன்றுதான். தவிர, ஃபைன் கட்டியதும் மறந்துவிடும். பாயின்ட் கூடிக்கொண்டே போகும்.

ஏமாற்ற முடியாதா?

முடியும், ஆனால் ரிஸ்க் பெரிது. பிரிட்டனில் அமைச்சராக இருந்த கிறிஸ் ஹ்யூன், 2003-ல் ஓவர் ஸ்பீடுக்கு வந்த பாயின்ட்டை அப்போதைய மனைவியின் கணக்கில் ஏற்றினார். பத்து வருடம் கழித்து, 2013-ல் இருவருக்குமே தலா 8 மாத சிறைத் தண்டனை. அவரது அரசியல் வாழ்க்கையும் அதோடு முடிந்தது.

இந்தியாவில் ஏன் இல்லை?

யோசிக்காமல் இல்லை. 2014-ல் வெளியான சாலைப் போக்குவரத்து மற்றும் பாதுகாப்பு மசோதா வரைவில் இது இருந்தது. 12 பாயின்ட் சேர்ந்தால் லைசென்ஸ் ஒரு வருடம் சஸ்பெண்ட் என்பது திட்டம். அது சட்டமாகவில்லை. 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் அபராதத் தொகையைத்தான் பல மடங்கு உயர்த்தியது. லைசென்ஸை முடக்கும் பிரிவுகளும் அதில் உண்டு. ஹெல்மெட் போடாவிட்டால் 1,000 ரூபாயோடு 3 மாதம் லைசென்ஸ் தகுதி இழப்பு என்றும் சட்டம் சொல்கிறது. இது எத்தனை பேருக்குத் தெரியும்?

இங்கே கொண்டுவந்தால் என்ன சிக்கல்?

கேமரா பிடிப்பது வண்டி நம்பரை, ஓட்டியவரை அல்ல. அண்ணன் பெயரில் இருக்கும் பைக்கைத் தம்பி ஓட்டினால் பாயின்ட் யாருக்கு? பிரிட்டனில், ஓட்டியது யார் என்று 28 நாளுக்குள் வண்டி உரிமையாளர் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவருக்கே 6 பாயின்ட். இங்கேயும் அப்படி ஒரு விதி இல்லாமல் பாயின்ட் முறை நிற்காது. லைசென்ஸே இல்லாமல் ஓட்டுபவர்களை இது தொடவும் செய்யாது. லைசென்ஸ் போனால் பிழைப்பே போகும் ஆட்டோ, லாரி ஓட்டுநர்களையும் யோசிக்க வேண்டும்.

ஏன் இவ்வளவு பேச வேண்டும்?

2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். இதில் சுமார் 71% மரணங்களுக்கு ஓவர் ஸ்பீடுதான் காரணமாகப் பதிவாகியுள்ளது. அதே வருடம் பிரிட்டனில் இறந்தவர்கள் 1,711 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். இத்தனைக்கும் மக்கள்தொகையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. நல்ல ரோடு, உடனடி ஆம்புலன்ஸ், கடுமையான டெஸ்ட் என்று அதற்குப் பல காரணங்கள் உண்டு. பாயின்ட் மட்டுமே காரணமில்லை. ஆனால், சிக்னலை ஜம்ப் பண்ணுவதை ‘சாமர்த்தியம்’ என்று நினைக்கும் வரை, அபராதத்தை எவ்வளவு ஏற்றினாலும் அது பெட்ரோல் செலவு மாதிரி இன்னொரு செலவாகத்தான் இருக்கும்.