20 நிமிஷத்துக்கு ஒரே பாட்டு! 'ரஷ்' குழுவைக் காப்பாற்றிய '2112', மறுபடியும் இசைத்தட்டாக வந்தது ஏன்?

இன்னொரு ஆல்பம் தோற்றால் கதை முடிந்தது. 1976-ல் கனடாவின் டொரன்டோவைச் சேர்ந்த 'ரஷ்' என்ற புராக்ரெசிவ் ராக் குழுவின் நிலைமை இதுதான்.

என்ன பிரச்னை?

கெடி லீ, அலெக்ஸ் லைஃப்சன், நீல் பியர்ட் என மூன்றே பேர் கொண்ட குழு அது. 1975-ல் வந்த 'கேரஸ் ஆஃப் ஸ்டீல்' ஆல்பம் சரியாகப் போகவில்லை. நீளமான பாட்டெல்லாம் வேண்டாம், ரேடியோவுக்கு ஏற்ற மாதிரி சின்னதாகக் கொடுங்கள் என்று இசை நிறுவனம் நெருக்கியது.

குழு என்ன செய்தது?

அப்படியே நேர்மாறாகச் செய்தது. இசைத்தட்டின் முதல் பக்கம் முழுக்க ஒரே பாட்டு. 7 பகுதிகள், 20 நிமிஷத்துக்கும் மேல். மதகுருக்கள் ஆளும் எதிர்கால உலகில் ஒருவன் பழைய கிடார் ஒன்றைக் கண்டெடுக்கிறான். ஆசையாக அவர்களிடம் கொண்டுபோகிறான். அவர்களோ அதை நொறுக்கிவிடுகிறார்கள். நிறுவனத்துக்குச் சொன்ன பதில் மாதிரியே இருக்கிறது இல்லையா?

ரிசல்ட்?

அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் 61-வது இடம். முதல் 100-க்குள் ரஷ் நுழைந்தது அதுதான் முதல்முறை. பின்னாளில் அங்கு மட்டும் 30 லட்சம் பிரதிகளுக்கான சான்று கிடைத்தது. அதன்பிறகு குழுவின் இசையில் நிறுவனம் தலையிடவில்லை.

சரி, மறுபடியும் இசைத்தட்டு எதற்கு?

2015-ல் '2112' வினைல் இசைத்தட்டாக மறுவெளியீடு கண்டது. 2016-ல் 40-வது ஆண்டுப் பதிப்பும் வந்தது. செல்போனிலேயே கேட்க முடிகிற பாட்டுக்கு இது வெறும் வியாபாரம்தானே என்று கேட்கலாம். வியாபாரமும்தான். அமெரிக்காவில் 2022-ல் சுமார் 4.1 கோடி வினைல் தட்டுகள் விற்றன, சிடிக்கள் 3.3 கோடிதான்.

ஆனால் இந்த ஆல்பத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. வினைலின் ஒரு பக்கத்தில் சுமார் 20 நிமிஷ இசைதான் நல்ல தரத்தில் அடங்கும். அதற்குமேல் போனால் வரிப்பள்ளங்களை நெருக்க வேண்டும், சத்தம் குறையும். அந்த அளவுக்குள் அடங்கும்படி அமைந்த பாட்டு இது. முடிந்ததும் ஊசி நிற்கும். எழுந்துபோய்த் தட்டைத் திருப்பினால்தான் அடுத்த பக்கத்தின் 5 சின்னப் பாட்டுகள் வரும்.

செல்போனில் அந்த இடைவெளி கிடையாது. கிடார் நொறுங்கிய கதை முடிந்த கையோடு அடுத்த பாட்டு தானாக ஓடிவிடும்.